2,400, 3,000, 3,500: தெருவில் ஓடும் மசில் காருக்கு எந்த ஸ்டால்?

பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டுவிட்டு, எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பழைய டார்க் கன்வெர்ட்டரையே விட்டுவைத்த காரை உடனே அடையாளம் கண்டுவிடலாம். கியரை டிரைவில் போட்டதும் எஞ்சின் குலுங்கும், சிக்னலில் பிரேக்கை மிதித்துப் பிடித்தாலும் முன்னே தள்ளும், கிளம்பும்போது திணறும். கம்பெனி போட்டுத் தரும் 12 அங்குலக் கன்வெர்ட்டரின் ஸ்டால், அதாவது காரை நகரவிடாமல் பிடித்து முழுதாக மிதித்தால் எஞ்சின் எட்டும் உச்சச் சுழற்சி, பெரும்பாலும் 1,600 முதல் 2,000 ஆர்பிஎம்தான். அந்தச் சுழற்சியில் பெரிய கேமுக்கு உயிரே வருவதில்லை.

எஞ்சின் அசலாகவோ சிறு மாற்றங்களுடனோ இருந்து, பின் ஆக்சில் 3.08 விகிதத்தில் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டிரைவ் தண்டு 3.08 சுற்று) இருந்தால் 2,400 போதும். அதற்கு மேல் போடுவது காசையும் ஆயிலையும் எரிப்பதுதான்.

கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் அளவு, 0.050 அங்குல உயர்வில் அளந்தால், 225 பாகையைத் தாண்டியிருக்கிறதா? ஆக்சில் 3.73-ஆ? அப்படியானால் 10 அங்குல அளவில் வரும் 2,800–3,000 ஸ்டாலைத் தயங்காமல் வாங்கலாம். “3,000 வரும்வரை கார் நகராது” என்று பயமுறுத்துவார்கள். அது உண்மையல்ல. ஸ்டால் என்பது கன்வெர்ட்டரில் பொறித்த நிலையான எண் அல்ல. எஞ்சின் தரும் டார்க்கின் (திருப்பு விசையின்) வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். டார்க் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஸ்டால் பாதியாகும். அதனால்தான் முழு மிதியில் 3,000 காட்டும் கன்வெர்ட்டர், மெல்ல மிதிக்கும்போது 1,500-க்குள்ளேயே காரை நகர்த்திவிடுகிறது. இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும்: 380 பவுண்டு-அடி டார்க் தரும் ஸ்மால் பிளாக்கில் (சிறிய வகை வி8 எஞ்சின்) 2,800 காட்டும் கன்வெர்ட்டரை 500 தரும் பிக் பிளாக்கில் (பெரிய வகை) மாட்டினால் 3,200-ஐ எட்டும். எஞ்சினைப் பற்றிக் கேட்காமல் வெறும் எண்ணைச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

8 அல்லது 9 அங்குல, 3,500-க்கு மேற்பட்ட ஸ்டாலை, வார இறுதியில் டிராக் ஸ்டிரிப்புக்கு (குறுகிய நேர்கோட்டுப் பந்தயத் தடம்) போகிறவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். புறப்படும் வேகம் அபாரம்தான். ஆனால் நெரிசலில் ஊரும்போது ஆயில் கொதிக்கும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் உறுமி முன்னே ஓட, கார் பின்னால் வந்து சேரும். தினமும் ஓட்டினால் இது சலித்துவிடும்.

கியர்பாக்ஸ் இதில் பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கின் மேல் கியர் நேர் விகிதம் (1:1). 3.73 ஆக்சிலும் 26 அங்குல டயரும் இருந்தால் மணிக்கு 60 மைலில் எஞ்சின் ஏறத்தாழ 2,900 சுற்றும். அங்கே 3,000 ஸ்டால் அதிகம் நழுவாது. 0.70 ஓவர்டிரைவ் (எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும் என்ற மேல் கியர்) உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸில் அதே வேகத்துக்கு 2,000 சுற்றுகள்தான். அந்தச் சுழற்சியில் ஓயாமல் நழுவும் கன்வெர்ட்டர், நெடுஞ்சாலையில் ஆயிலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஓவர்டிரைவ் இருந்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நழுவாமல் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் உள்ளதையே வாங்குங்கள். விலை கூடுதல் என்றாலும் தயங்க வேண்டாம்.

350 கன அங்குல ஸ்மால் பிளாக், 3.73 ஆக்சில், 700ஆர்4 உள்ள கார் என்றால் என் தேர்வு லாக்-அப் உள்ள 2,800. கூடவே ரேடியேட்டருக்கு வெளியே தனி ஆயில் கூலர். கூலருக்குக் காசு இல்லையென்றால், அது சேரும்வரை கன்வெர்ட்டரையும் தள்ளிப்போடுவேன்.