வேர்ச் சிகிச்சை ஏன் தோற்கிறது: ஒரு கொடுப்புப் பல்லோடு சில வருடங்கள்

வேர்ச் சிகிச்சை (பல் வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய கால்வாய்களைச் சுத்தம் செய்து நிரப்புவது) செய்த பல் வலிக்கவில்லை என்பதாலேயே அது குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் என் மேல்தாடையின் முதலாவது கொடுப்புப் பல்லுக்கு இந்தச் சிகிச்சை செய்யப்பட்ட பின், கச்சான் மெல்லும்போதுகூட நீண்ட காலம் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. பின்னர் அந்தப் பல்லுக்கு நேர் மேலே முரசில் அரிசியளவில் ஒரு பரு தோன்றியது. அழுத்தினால் உப்புக் கரிக்கும் சீழ் வந்து அமுங்கிவிடும், கிழமை திரும்புமுன் மறுபடி எழும்.

கல்முனையில் நான் பார்த்த பல் வைத்தியர், வேர்க் கால்வாய்களை நிரப்பப் பயன்படும் கட்டபேர்ச்சா எனப்படும் மெல்லிய குச்சியொன்றை அந்தப் பருவின் துவாரத்தினுள் மெதுவாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். குச்சியின் வெள்ளைக் கோடு வளைந்து சென்று, கன்னப் பக்கத்து முன்வேரின் நுனியில், கறுப்பு நிழலொன்றின் நடுவில் நின்றது. "தம்பி, வேர் மூன்றுதான், ஆனால் இந்த முன்வேருக்குள்ள பெரும்பாலும் இரண்டு கால்வாய் இருக்கும். ஒன்றை ஆரும் தொடவேயில்லை" என்றார்.

நரம்பு அகற்றப்பட்ட பல்லுக்குச் சூடும் குளிரும் தெரியாது. விடுபட்ட கால்வாயிலுள்ள கிருமிகள் வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பை அரித்தாலும் (எக்ஸ்ரேயில் தெரிந்த கறுப்பு நிழல் அதுதான்), சீழ் பரு வழியே வடிந்துகொண்டிருக்கும்வரை உள்ளே அழுத்தம் ஏறாது, வலியும் வராது.

உள்வேலை நன்றாக நடந்த பல்லும் மேலடைப்புக் கசிந்தால் கெட்டுவிடும். தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்கே உரியது. அது தேய்ந்து உமிழ்நீர் இறங்கினால், பட்டினியையும் தாங்கிக் கிடக்கும் என்டரோகொக்கஸ் ஃபீகாலிஸ் போன்ற கிருமிகள் குடியேறிவிடும். கொடுப்புப் பல்லைக் கிரௌன் (பல்லை மூடும் உறை) போடாமல் விடுவது இன்னும் ஆபத்தானது: வேர் நெடுக்காக வெடித்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி றப்பர் திரை கட்டுகிறார்களா என்பதையே இன்று நான் முதலில் கவனிப்பேன். எச்சில் கால்வாய்க்குள் போகாமலும், கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் தொண்டைக்குள் இறங்காமலும் அது தடுக்கிறது. என் முதல் சிகிச்சையில் அது கட்டப்படவேயில்லை.

மறுசிகிச்சையில் பழைய கட்டபேர்ச்சா முழுவதையும் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து தேடி, நான்காவது கால்வாயை வைத்தியர் கண்டுபிடித்தார். உள்ளே மருந்து வைத்து, பரு வற்றிய பின்னரே நிரப்பினார். தாமதமின்றிக் கிரௌனும் போட்டார். செலவு முதல் தடவையை விடக் கூடியதுதான், ஆனாலும் சொந்தப் பல் மிஞ்சியது. எலும்பு மெதுவாகவே வளரும், நிழல் மறைய நான்கு வருடம் வரைகூட எடுக்கலாம். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அது பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. முற்றாக மறையாததால் வரும் ஆண்டும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.