மொட்டை மாடியில் சொட்டு நீர், மூன்று கோடைக்குப் பிறகு

மாடித் தோட்டச் சொட்டு நீர் கிட் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். திருச்சியில், போர்த் தண்ணீரை வைத்து, மூன்று கோடை ஓட்டிவிட்டேன். குழாயில் செடிக்கு ஒன்றாகச் செருகிய டிரிப்பர் என்ற சிறு முனை வழியாக, டைமரில் வைத்த நேரத்துக்குத் தண்ணீர் தானாகச் சொட்டும்.

முதல் வருடம் அக்னி நட்சத்திரத்தின் நடுவில், மச்சினன் கல்யாணத்துக்காக நான்கு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடி ஏறினேன். வெண்டை நிமிர்ந்து நிற்கிறது, கொத்தவரை பூத்திருக்கிறது, நாலைந்து வெண்டைக்காய் முற்றிப்போனதுதான் நஷ்டம். அந்த நிம்மதிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் அதை மறுக்கவில்லை.

ஆனால் போர்த் தண்ணீரின் உப்பு! சொட்டு விழும் ஓட்டையிலேயே தண்ணீர் காய்ந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்து, இரண்டு வாரத்தில் அடைத்துவிடுகிறது. ஃபில்டர் போட்டாலும் பயனில்லை, அது மண்ணையும் பாசியையும் தடுக்கும், கரைந்திருக்கும் உப்பை எப்படித் தடுக்கும்? மொத்தம் 38 டிரிப்பர், ஒவ்வொன்றாகக் கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்து, காலையில் குண்டூசியால் குத்திவிட வேண்டும். அடைத்தது உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. மத்தியான வெயிலில் எல்லாச் செடியும்தான் இலையைத் தொங்கப்போடுகிறது, தண்ணீர் கிடைத்ததும் கிடைக்காததும் ஒரே மாதிரி நிற்கும். சாயங்காலம் மற்றவை தெளிந்த பிறகும் ஒன்று மட்டும் வாடியே இருந்தால்தான் புரியும். நான் வெளியூர் போயிருந்த இரண்டு சாயங்காலத்தில் வேலூர் முள் கத்தரி போய்விட்டது. தை மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, மறுதாம்பாகத் தழைத்துப் பிஞ்சு பிடித்திருந்த செடி. இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று, கறுப்புக் குழாய். வெயிலில் அதற்குள் நிற்கும் தண்ணீர் கையில் பட்டால் சுரீர் என்கிறது. டைமரை விடியற்காலை ஐந்தரைக்கு மேல் வைக்கவே கூடாது.

சரி, வாங்கலாமா? உங்கள் வீட்டிலும் போர்த் தண்ணீர்தான் என்றால் வேண்டாம். தினமும் 38 செடியையும் குனிந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த நேரத்தில் ஹோஸைப் பிடித்து நானே ஊற்றிவிடுவேனே. அந்தப் பணத்தில் பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல் வலை வாங்கிக் கட்டுங்கள், செடிப் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தரைச் சூடு வேருக்கு ஏறாது. வெயில் ஏறினால் தக்காளி பூ உதிர்த்துவிடும், அதற்கு எந்தக் கிட்டும் உதவாது, கோடையில் அதைப் போடவே வேண்டாம்.

போன ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். நான்கு குண்டுமல்லித் தொட்டியில் மட்டும் இருக்கிறது. இந்த வெயிலில்தான் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும், சாயங்காலம் மொட்டுப் பறிக்க அம்மா எப்படியும் மாடிக்கு வருவார், சொட்டு நின்றிருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும்.