வன்னி வகுப்பறையில் வீடியோ: புரொஜெக்டரா, ரிவியா, வெறும் ஸ்பீக்கரா?

ஆங்கிலமோ ஜேர்மனோ, மொழி வகுப்பில் வீடியோ போடுவது பற்றி ஆசிரியர்மாரிடம் இரண்டு கட்சி உண்டு. "பிள்ளைகள் படத்தைப் பார்க்கிறார்கள், மொழியைக் கேட்பதில்லை" என்பது ஒன்று. "வாயைப் பார்க்காமல் உச்சரிப்பு வராது" என்பது மற்றது. இரண்டும் உண்மை. பத்து நிமிட வீடியோவை ஓடவிட்டால் முதல் கட்சி சொல்வதுதான் நடக்கும். ஒரு நிமிடத் துண்டை மூன்று தரம் போட்டால் இரண்டாம் கட்சி வெல்லும். அதனால் எதில் போட்டுக் காட்டுவது என்பதற்கு எங்களிடம் ஒரே அளவுகோல்: பேசுபவரின் உதடு கடைசி வாங்கு வரை தெரிகிறதா? எங்கள் தெரிவு 43 அங்குல ரிவி, பென்ட்ரைவ், வெளி ஸ்பீக்கர் ஒன்று.

உதட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? ஜேர்மனில் ஐந்துக்குரிய fünf என்ற சொல்லை எடுங்கள். ஏ1 என்ற தொடக்க நிலை படிப்பவர்கள் பலர் அதைக் கொப்பியில் 'புன்வ்' என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். முதல் ஒலிக்கு மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும். இரண்டு உதடும் ஒட்டினால் 'ப' ஆகிவிடும். நடுவில் வரும் உயிர் தமிழில் இல்லை. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவித்தால் அது வரும். இதைக் காதால் மட்டும் பிடிக்கச் சொன்னால், காது தனக்குத் தெரிந்த 'உ'வையோ 'இ'யையோதான் கேட்கும். நெருக்கத்தில் எடுத்த முகம் பத்துச் செக்கனில் காட்டிவிடும்.

புரொஜெக்டர் இங்கேதான் தோற்கிறது. வன்னிப் பள்ளிக்கூடங்களில் பல வகுப்பறைகளுக்கு அரைச்சுவர், அதற்கு மேல் கம்பி வலை. காலை ஒன்பது மணிக்கே வெளிச்சம் அள்ளிக் கொட்டும். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது; சுவரில் விழும் வெளிச்சம் எவ்வளவோ அதுதான் படத்தின் கறுப்பு. வாயின் உட்பக்கம், பல், உதட்டு ஓரம் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். துணி கட்டி மறைத்தால் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வெந்துபோவார்கள். சோழகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி வடிகட்டியை அடைத்து, சூடேறி நின்றுவிடும். குமிழ் சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் உள்விசிறியும் நின்று குமிழின் ஆயுள் குறையும். லப்டொப், வயர், திரை என்று பொருத்தி முடிக்க நாற்பது நிமிடப் பாடவேளையில் கால்வாசி போய்விடும். மூடிய மண்டபம், மாலை வகுப்பு, எண்பது பிள்ளைகள் என்றால் மட்டும் புரொஜெக்டரை எடுங்கள்.

ரிவிக்கும் குறை உண்டு. 43 அங்குலம் என்றால் படத்தின் உயரம் ஏறத்தாழ 54 சென்ரிமீற்றர்தான். நாலு மீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு உதடு தெரியாது. நாற்பது பேரை இருபது இருபதாகப் பிரித்து, ஒரு பகுதியை அரைவட்டமாக முன்னே இருத்தி, மற்றப் பகுதிக்கு எழுத்து வேலை கொடுங்கள். திறந்த பக்கத்தைப் பார்த்தபடி ரிவியை வைக்காதீர்கள், முற்றம் முழுக்கத் திரையில் தெரியும்; திறந்த பக்கம் திரைக்குப் பக்கவாட்டில் வரட்டும். அதன் சொந்த ஸ்பீக்கர் பின்னுக்கோ கீழுக்கோ பார்க்கும், மாரி மழை தகரத்தில் விழும்போது ஒன்றும் கேட்காது. வெளி ஸ்பீக்கரை வயரில் கொடுங்கள். புளூரூத்தில் சத்தம் சற்றுப் பிந்தி வந்தால் உதடும் ஒலியும் பொருந்தாது, பிறகு வீடியோவால் பயனே இல்லை. வாங்கும்போதே ஓடியோ துளை இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள்.

வீடியோவை 60 முதல் 90 செக்கன் துண்டுகளாக வெட்டி, எம்பி4 கோப்பாக, 01, 02 என்று பெயரிட்டு ஏற்றுங்கள். யூரியூப்பை வகுப்பில் நேரடியாக ஓடவிட வேண்டாம்: சுற்றிக்கொண்டே நிற்கும், விளம்பரமும் வரும். முதல் தரம் சத்தமில்லாமல், என்ன நடக்கிறது என்று ஊகிக்க. இரண்டாம் தரம் சத்தத்தோடு. திரையின் அடியில் ஓடும் எழுத்து (சப்டைட்டில்) மூன்றாம் தரம்தான். முதலிலேயே போட்டால் பிள்ளைகள் வாசிப்பார்கள், கேட்க மாட்டார்கள். தமிழ் எழுத்து சில ரிவிகளில் பெட்டி பெட்டியாக வரும், முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

வெறும் ஸ்பீக்கரை ஒதுக்கிவிட முடியாது. கொழும்பு கோதே நிறுவனத்தில் பெரியவர்கள் எழுதும் ஜேர்மன் ஏ1 பரீட்சையின் கேட்டல் பகுதி சுமார் 20 நிமிடம், படமே கிடையாது. அதன் இரண்டாம் பகுதியை ஒரேயொரு தரம்தான் போடுவார்கள். முகம் பார்த்தே பழகியவர் அங்கே தடுமாறுவார். பரீட்சைக்கு முந்தின மூன்று கிழமையும் ரிவியை மூடிவிட்டு, அறிவிப்புகளை ஒரே தரம் போட்டு விடை எழுதப் பழக்குங்கள்.

புழுதிக்குள் ரிவி எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்ல எங்களுக்கு இன்னும் காலம் போகவில்லை. வகுப்பு முடிந்ததும் துணியால் மூடுங்கள். ஐப்பசி இடிமுழக்கத்துக்கு ஆளியை அணைத்தால் போதாது, பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றி வையுங்கள்.