ஓட்டோரன்ஸ்: நீண்டநாள் பாவனையில் தேறியதும் தேறாததும்

திருகோணமலை மத்திய வீதிப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைக் கொம்பியூட்டர்களில் யாருடைய பென் டிரைவ்தான் ஏறாது? அசைன்மென்ட், விண்ணப்பம், கூடவே ஷோர்ட்கட் வைரசும் அதில்தான் வரும். இப்படியான மெஷினில் விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடுபவை எவை என்று பார்க்க டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் மட்டும் போதாது. சேவைகள் (பின்னணியில் ஓடுபவை), டிரைவர்கள், ஷெடியூல்ட் டாஸ்க்குகள் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்) அதில் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுவது மைக்ரோசொப்ட்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஓட்டோரன்ஸ். இலவசம்; இன்ஸ்டோல் செய்யவும் வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசொப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஸ்கேன் ஒப்ஷன்ஸில் கையொப்பச் சரிபார்ப்பையும் (கோப்பை உண்மையில் அந்தக் கம்பனிதான் வெளியிட்டதா என்று டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்ப்பது) போடாவிட்டால், கம்பனிப் பெயரை 'மைக்ரோசொப்ட்' என்று பொய்யாக எழுதிய கோப்பும் சேர்ந்து மறைந்துவிடும். சரிபார்ப்பைப் போட்டால் ஸ்கேன் மெதுவாகும், பொறுத்துக்கொள்ளலாம். மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய சொப்ட்வெயாரின் மிச்சம். பார்க்க வேண்டியது இளஞ்சிவப்பு வரிகளை. அவை கையொப்பமோ வெளியீட்டாளர் விபரமோ இல்லாதவை. எல்லாம் வைரஸ் அல்ல. சிறிய இலவச மென்பொருள்களும் அப்படித்தான் வரும்.

பென் டிரைவ் வைரஸ் பலவற்றின் தந்திரம் வேறு. அவை விண்டோஸில் ஸ்கிரிப்ட்களை ஓட்டும் 'டபிள்யூஸ்கிரிப்ட்' மூலம் ஒரு விபிஎஸ் (ஸ்கிரிப்ட்) கோப்பை ஓட்டும். டபிள்யூஸ்கிரிப்ட் உண்மையிலேயே மைக்ரோசொப்ட்டினுடையது, கையொப்பமும் சுத்தம். டாஸ்க் மனேஜரிலும் மைக்ரோசொப்ட் பெயரோடு நல்ல பிள்ளையாக நிற்கும். அங்கே தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து 'கொமாண்ட் லைன்' என்ற நிரலை (column) காட்டச் சொன்னால், எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்பது வெளிச்சமாகும்.

இந்தக் கருவியின் உண்மையான பெறுமதி ஒப்பிடுதலில் இருக்கிறது. மெஷின் சுத்தமாக உள்ளபோது பட்டியலை ஃபைல் மெனுவில் சேமித்து, வேறிடத்தில் வையுங்கள். சந்தேகம் வரும்போது அதே மெனுவில் 'கொம்பெயார்' கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவை பச்சையில் தெரியும். புதுப் பிரின்டர் போட்டால் மறுபடி சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அதன் பதிவுகளும் பச்சையில்தான் வரும். உடனடி எச்சரிக்கை எதுவும் தராது என்பது பெரிய குறை.

இன்னொரு சிக்கல்: ஓட்டோரன்ஸில் டிக்கை எடுத்தால் பதிவு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வேறிடத்துக்கு நகரும். அந்த மென்பொருள் அப்டேட் ஆகும்போது பழைய இடத்தில் புதிதாக எழுதிவிடலாம். பிறகு ஒரே பெயரில் இரண்டு வரி நிற்கும். டாஸ்க் மனேஜர் முடக்கத்தைத் தனியாகக் குறித்துவைப்பதால், அதே பெயரில் மீண்டும் எழுதினாலும் பொதுவாக முடங்கியே இருக்கும். ஆகவே சாதாரண ஸ்டார்ட்அப் மென்பொருள்களை அங்கே நிறுத்துவதே நல்லது. சேவைக்கும் டாஸ்க்குக்கும்தான் ஓட்டோரன்ஸ். தெரியாததை டிலீட் செய்ய வேண்டாம், டிக்கை மட்டும் எடுங்கள். பிரின்ட் வேலைகளைக் கவனிக்கும் சேவையான பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தினால் பிரின்ட் வராது. ஈ-கலப்பை போன்றவற்றை நிறுத்தினால் காலையில் தமிழ் டைப்பிங் வேலை செய்யாது; வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

நிறுத்தியதன் பலன் தெரிய ஷட்டவுன் செய்து திறப்பதில் பயனில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸ் தன் நிலையைச் சேமித்துவைத்து வேகமாகத் திறக்கும் வசதி) இருந்தால் அது முழுமையான தொடக்கம் அல்ல. ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டயக்னோஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ் பதிவில் 100ஆம் இலக்க ஈவென்ட் தொடக்க நேரத்தை மில்லிசெக்கனில் தரும். 101 தாமதப்படுத்திய மென்பொருளையும் 103 தாமதப்படுத்திய சேவையையும் பெயரோடு காட்டும்.