உப்புக் காற்றில் சோலரும் மின் ஸ்கூட்டரும்: திருகோணமலைப் பாவனை அனுபவம்

கூரையில் 5 கிலோவாட் சோலர், முற்றத்தில் 72 வோல்ட் ஸ்கூட்டர். திருகோணமலையில் இந்தச் சோடியை வருடக்கணக்கில் பாவித்தால் ஒன்று தெளிவாகும்: வெயிலுக்குப் பஞ்சமில்லை, சாமான்களின் ஆயுளைத் தீர்மானிப்பவை உப்பும் சூடும்தான். விற்பவர் தரும் தாளில் இவை இரண்டுக்கும் இடமிருப்பதில்லை.

5 கிலோவாட்டுக்கு 550 வாட் பனல் ஒன்பது போதும். வருடச் சராசரியில் நாளுக்கு 18 முதல் 20 யூனிட் வரும். மாரியில் வானம் இருண்டு கிடக்கும் நாட்களில் ஐந்தாறு யூனிட்டோடு நின்றுவிடும். கச்சான் (சுடும் தென்மேற்குக் காற்று) வீசும் காலத்து வெயிலில்தான் உச்சம் என்று நினைப்பது பிழை. பனல் 65 பாகைக்குச் சூடேறினால், 25 பாகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் என்று மொத்தம் 14 சதவீதம் குறையும். அதனால் கூரைக்கும் பனலுக்கும் நடுவே காற்றோட ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், திருக்கடலூர்க் கரையில் முதலில் கெடுவது பனல் அல்ல, அதைப் பிடித்திருக்கும் போல்ட்தான். 304 தரத் துருப்பிடிக்காத உருக்கிலும் கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறும். 316 தரத்தையே கேட்டு வாங்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு நட்டு நேரே தொட்டால், உப்பீரம் இரண்டையும் ஒரு பற்றறிபோல இணைத்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. ஜீஐ குழாயை, அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாயை, வெட்டிய இடத்தில் அந்தப் பூச்சு இல்லை. அன்றே நாகம் கலந்த பெயின்ற் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பனல் வயர் இணைப்பில் ஒரு கம்பனியின் ஆண் செருகியையும் இன்னொரு கம்பனியின் பெண் செருகியையும் பொருத்த விடாதீர்கள். பார்க்கப் பொருந்தியது போலிருக்கும், உள்ளே இறுக்கம் போதாமல் சூடேறி உருகும். கழுவுவதற்குச் சவர்க்காரம் தேவையில்லை, உப்பு தண்ணீரில் கரையும். ஏழு மணிக்கு முன், பனல் குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். கிணற்று நீர் கடினமானதென்றால் காய்ந்தபின் சுண்ணாம்புப் படலம் நிற்கும். குழாய்த் தண்ணீர் நல்லது.

பலருக்கு வரும் அடுத்த ஏமாற்றம், நல்ல வெயிலில் இன்வேர்ட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாக நிற்பது. நண்பகலில் அயல் கூரைகளும் சேர்ந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது வயரில் வோல்ட் ஏறுகிறது. இலங்கையில் நியமம் 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். அதாவது மேல் எல்லை ஏறக்குறைய 244. இன்வேர்ட்டரில் வைத்த எல்லையைத் தாண்டினால் அது துண்டித்துக்கொள்ளும். மின்சார சபைக்கு முறையிடுமுன் உங்கள் வீட்டு வயரைப் பாருங்கள். இன்வேர்ட்டரிலிருந்து மீற்றர் வரை 25 மீற்றர் தூரம், 22 அம்பியர் ஓட்டம் என்று வைத்தால், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் மட்டும் 5 வோல்ட் ஏறும். 10 சதுர மில்லிமீற்றரில் 2 வோல்ட்தான். அந்த 3 வோல்ட்டுக்காகவே பல வீடுகளில் நண்பகல் உற்பத்தி வீணாகிறது. மீற்றரிலேயே வோல்ட் கூட இருந்தால், நேரத்தோடு ஒரு வாரப் பதிவை எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வாய்ச்சொல்லுக்கு வேலை நடக்காது.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டது. தேவை குறைந்த நாளில் பகல் உற்பத்தி கூடினால் வலையமைப்பின் சமநிலை தளும்பும். ஸ்கூட்டரைப் பகலில் சார்ஜ் பண்ணுவது இந்த இடத்தில்தான் உண்மையாக உதவுகிறது; வோல்ட் ஏற்றத்தையும் கொஞ்சம் தணிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்தில் ஒரு பிளக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், வந்ததும் வராததுமாக மாலை 6.30க்குச் செருகாதீர்கள். அது நாடே விளக்கேற்றும் உச்ச நேரம், பற்றறியும் ஓட்டச் சூட்டோடு இருக்கும். ஒரு டைமர் போட்டு இரவு 10.30க்குப் பிறகு ஏற்றுங்கள். கரண்ட் போனால், பற்றறி இல்லாத சாதாரண சோலர் இன்வேர்ட்டரும் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். லைனில் வேலை செய்பவரின் உயிருக்கான பாதுகாப்பு அது.

ஸ்கூட்டருக்கு வருவோம். 72 வோல்ட், 20 அம்பியர்-மணி ஈயப் பற்றறியில் இருப்பது 1.44 யூனிட். 80 சதவீதத்துக்கு மேல் இறக்காமல், கிலோமீற்றருக்கு 30 வாட்-மணி என்று கணக்கிட்டால் 38 கிலோமீற்றர். நிலாவெளி போய்வரப் போதும், கிண்ணியாவுக்கு இழுபறி. கச்சான் வீசும்போது சீனக்குடாப் பக்கம் எதிர்காற்று. 40 வேகத்தில் 20 வேக எதிர்காற்று சேர்ந்தால் காற்றின் தடை 2.25 மடங்கு. வேகத்தை 30க்குக் குறைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

தூரம் திடீரென்று குறைந்தால், 72 வோல்ட்டுக்காகக் கோத்திருக்கும் 12 வோல்ட் பற்றறிகள் ஆறையும் மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஓடி வந்தவுடன் ஒவ்வொன்றையும் மல்ரிமீற்றரால் அளந்தால், அரை வோல்ட் குறைந்து நிற்கும் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. அதற்குப் பதில் புத்தம் புதியதைப் போடாமல், மற்ற ஐந்தின் வயதுக்குக் கிட்டிய ஒன்றைத் தேடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெறுமையாக விட்டால் ஈய சல்பேற்று தகட்டில் இறுகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி வையுங்கள். லிதியம் இதற்கு நேர்மாறு, பாதிச் சார்ஜில் நிறுத்துவதே அதற்கு நல்லது. ஈயச் சார்ஜரை அதில் செருகவே கூடாது.

சில்லு மோட்டருக்குப் போகும் மூன்று தடித்த வயர் இணைப்புகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டி, மின்கிறீஸ் பூசி, இறுக்கி மூடுங்கள். மோட்டர் அதிர்ந்து அதிர்ந்து கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.