8 எம்.பி. (மெகாபிக்சல்) கேமரா வாங்கி ஏமாந்தேன்: பணம் கொடுக்கும் முன் ராத்திரியில் ஓட்டிப் பாருங்கள்

போன மாதம் ஒருநாள் ராத்திரி 2.10 மணிக்கு, எங்கள் வீட்டு வாசலில் நின்ற அப்பாவின் எக்ஸ்.எல். வண்டியை எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குத் தினமும் பூ மூட்டை சுமந்த வண்டி. மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்த அப்பா, தரையில் கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு தைரியம் இருந்தது, வாசலில்தான் கேமரா இருக்கிறதே என்று. நாலு கேமரா, ரெக்கார்டர், வயரிங் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் கொடுத்து மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஃபுட்டேஜைப் போட்டால், வந்தவனுக்கு முகமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புகை நடந்து வருகிறது. கையை வீசினால் கை கரைந்துபோகிறது. அவன் உடம்புக்குள்ளே வண்டியின் ஹேண்டில்பார் தெரிகிறது. ஸ்டேஷனில் ஏட்டய்யா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆணா பொண்ணான்னுகூடச் சொல்ல முடியலையேப்பா" என்றார். எதிர் மளிகைக் கடையில் இருப்பது ஆறு வருஷப் பழைய 2 எம்.பி. கேமரா. அதில் அவன் சட்டையின் கட்டம்வரை பதிவாகியிருந்தது. முதுகைக் காட்டி நடந்ததால் முகம்தான் விழவில்லை.

மாட்டிக் கொடுத்தவர் டெமோ காட்டியது மத்தியானம் மூன்று மணிக்கு. மளிகைக் கடைக்குள் தொங்கிய காலண்டரின் தேதியை ஜூம் செய்து காட்டி, "ராத்திரியும் இதே கிளியர் இருக்கும் சார், 30 மீட்டர் நைட் விஷன்" என்றார். நம்பிவிட்டேன். திருட்டுக்குப் பிறகு கேட்டால், "கேமரா ஓடிட்டுத்தானே சார் இருக்கு? இன்னும் காசு போட்டு, ராத்திரியும் கலர்ல காட்டுற ஃபுல் கலர் கேமரா வாங்கிக்குங்க" என்கிறார். அந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

பிறகு கேமரா வேலை தெரிந்த என் தம்பியின் நண்பர் வந்து பார்த்தார். எங்கள் கேமராவிலும் மளிகைக் கடைக்காரர் கேமராவிலும் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, ஒரே அளவு, 1/2.8 இன்ச். அவருடையதில் 20 லட்சம் பிக்சல், எங்களுடையதில் அதே இடத்தில் 80 லட்சம். அங்கே ஒரு பிக்சலின் அகலம் 2.9 மைக்ரான், இங்கே 1.45. பரப்பில் நாலில் ஒரு பங்கு. பகலில் வெளிச்சம் கொட்டிக் கிடப்பதால் குறை தெரியாது. ராத்திரியில், இரண்டு பேருக்கு வடித்த சோற்றை எட்டுப் பேருக்குப் பரிமாறிய கதைதான்.

வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். எங்களுடையது 1/12 நொடிக்குப் போயிருந்தது. அந்த நேரத்துக்குள் சாதாரணமாக நடக்கிற ஆளே 10 செ.மீ. நகர்ந்துவிடுவார், பிறகு முகம் எங்கே நிற்கும்? இருட்டில் படம் முழுக்கத் தெறிக்கும் புள்ளிகளை மறைக்க, மென்பொருள் முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துக் குழைக்கிறது. புகை மாதிரி தெரிந்ததற்கு அதுதான் காரணம். என் கண் முன்னாலேயே ஷட்டரை 1/25-க்கு மாற்றினார். அசைவு கொஞ்சம் தெளிந்தது, ஆனால் வாசலே இருட்டாகிவிட்டது. போதாக்குறைக்கு கேமராவை வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டியிருந்தார்கள். இருட்டில் பார்க்க கேமராவே வீசும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பியதில், தெருப் பக்கம் இன்னும் மங்கியிருந்தது.

8 எம்.பி. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. 1/1.2 இன்ச் மாதிரி பெரிய சென்சாரோடு வருகிறவை இருக்கின்றன, விலையும் அதிகம். ஆகவே எத்தனை எம்.பி. என்பதோடு நிறுத்தாமல், சென்சார் எத்தனை இன்ச், லென்ஸ் எஃப் எத்தனை என்று கேளுங்கள். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, சிறியதாக இருந்தால் நல்லது. எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0-ஐப் போல நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கேட்டதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு வீட்டில் ஒருவரை வேகமாக நடக்கச் சொல்லுங்கள். நேரலையில் பார்த்தால் போதாது. பதிவானதை எடுத்து, நடுவில் நிறுத்திப் பாருங்கள். தெரிந்த முகமே அடையாளம் தெரியவில்லை என்றால் அந்தக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் வாசல் கேமராவை மட்டும் மாற்றிவிட்டோம்: 4 எம்.பி., 1/1.8 இன்ச் சென்சார், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிகிறது. வண்டி இன்னும் கிடைக்கவில்லை. அப்பா பக்கத்துத் தெருக்காரர் வண்டியின் பின்னால், மடியில் பூ மூட்டையோடு மார்க்கெட் போகிறார்.