பாப் குழுவுக்குப் பிள்ளையை எடுக்கிறோம் என்று வந்தால், கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

பதின்வயதுப் பெண்களைப் பொறுக்கியெடுத்து பாப் குழு உருவாக்கும் ஒரு நிறுவனத்தில் என் மகள் இருந்தாள். குழு உடைந்துவிட்டது. பணத் தகராறு இன்னும் முடியாததால் பெயர் சொல்லவில்லை. அதே ஆட்கள் மறுபடியும் ஆடிஷன் வைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடிஷனுக்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள். காசு கேட்காதவன் ஏமாற்றுவானா என்று நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஒருவரையொருவர் பார்த்தே இராத ஐந்து பெண்களைச் சேர்த்து, இவள் குறும்புக்காரி, இவள் அமைதியானவள் என்று ஆளுக்கொரு குணத்தையும் ஒட்டினார்கள். குழுவின் 'செல்லக் குட்டி'தான் ஐவரில் மூத்தவள், அது வேறு கதை.

ஒப்பந்தத்தைப் படித்து விளக்க வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு நன்றாகவே ஓடியது. மேடை, பேட்டி, விளம்பரம் எல்லாம் வந்தன. ஆனால் கணக்குத் தாள் வரும்போதெல்லாம் மகள் பெயரில் கடன்தான் இருந்தது. குரல் பயிற்சி, நடன ஆசிரியர், உடை, வீடியோ, வண்டி, மேலாளர் தங்கிய ஓட்டல் வரை எல்லாச் செலவும் பிள்ளைகளின் பங்கிலிருந்தே கழியும். நிறுவனம் தன் பங்கை மொத்த வருமானத்திலிருந்து முதலிலேயே எடுத்துக்கொள்ளும். பாட்டு எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு செலவு செய்து, அதையும் கடனில் ஏற்றினார்கள்.

இது புதுத் தந்திரமும் இல்லை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க் என்ற பாப் குழுக்கள் இரண்டையும் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் பணம் போட்டு வளர்த்த லூ பெர்ல்மன், மேலாளராக ஒரு பங்கு எடுத்தது போதாதென்று, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் ஒப்பந்தத்தில் தன்னைக் குழுவின் ஆறாவது உறுப்பினராகவும் எழுதிக்கொண்டு இன்னொரு பங்கு எடுத்தார். பாடியது என்னவோ ஐந்து பேர்தான். இரண்டு குழுக்களும் அவரோடு வழக்காடித்தான் வெளியே வந்தன. முதலீட்டாளர்களை ஏமாற்றிய வேறொரு பெரிய மோசடிக்காக 2008-ல் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

தென் கொரியாவில் டிவிஎக்ஸ்கியூ என்ற பாப் குழுவின் ஐவரில் மூவர் 2009-ல் நீதிமன்றம் போனார்கள். 13 ஆண்டு ஒப்பந்தம், வருமானப் பங்கீடு இரண்டும்தான் சண்டை. அந்த ஆண்டே அங்குள்ள நியாய வர்த்தக ஆணையம், பாடகர்களுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு என்று ஒரு முன்மாதிரி ஒப்பந்தப் படிவம் கொண்டுவந்தது. வெளியே வந்த மூவரும் ஜேஒய்ஜே என்று வேறு பெயரில் பாட வேண்டியதாயிற்று. பழைய பெயர் நிறுவனத்தில் தங்கிய இருவரிடமே இருந்தது.

எங்களுக்கும் பெயர்தான் பெரிய அடி. குழுவின் பெயரை நிறுவனம் முதல் நாளே தன் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்துவைத்திருந்தது. கடைசியில் ஒரு பெண்ணை மட்டும் தனிப்பாடகியாக்க முடிவெடுத்தார்கள். அவளிடம், மற்றவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றார்கள். மற்ற நால்வரிடம், அவளே போகிறேன் என்கிறாள் என்றார்கள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டு அழுது தீர்த்தார்கள். பெற்றோர் நாங்கள் தனியாக உட்கார்ந்து, வந்த குறுஞ்செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் அதே பெயரில் வேறு நான்கு பெண்கள் மேடை ஏறிவிட்டார்கள். என் மகள் குரல் பின்னால் ஓட, இன்னொரு பெண் வாயசைத்தாள். ஒப்பந்தப்படி அதில் தப்பே இல்லையாம்! என் மகளோ, விலகிய பிறகும் குறிப்பிட்ட காலம்வரை வேறு எங்கும் பாடக் கூடாது.

பிரிட்டனின் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் பாப் குழுவின் கதையைப் பாருங்கள். அவர்களும் 1994-ல் பத்திரிகை விளம்பரம் கொடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள்தான். ஆனால் சேர்த்த மேலாளர்களிடம் கையெழுத்துப் போடாமலே பயிற்சி எடுத்தார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டே அவர்களை விட்டு விலகி வேறு மேலாளரிடம் போக முடிந்தது. எங்களிடமோ 'இன்று மாலைக்குள் போடாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்கு' என்றார்கள். அப்படி அவசரப்படுத்தும் இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீங்கள் பணம் கொடுக்கும் வக்கீலிடம் காட்டுங்கள். செலவுக்கு உச்சவரம்பு உண்டா, கணக்குப் புத்தகத்தை உங்கள் ஆடிட்டர் பார்க்கலாமா, குழு கலைந்தால் பதிவான குரலுக்குத் தொடர்ந்து பணம் வருமா, எவ்வளவு காலம் கழித்துத் தனியாகப் பாடலாம் என்று கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அங்கேயே முகம் மாறும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டியிருப்பவர்கள், நிறுவனத்தார் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச விடாதீர்கள். குழுவில் உள்ள மற்ற பெற்றோரின் தொலைபேசி எண்களை இன்றே வாங்கிவையுங்கள். அந்த எண்களை எங்களுக்குத் தராமல் நிறுவனம் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தது.